பெரம்பலூரில் ஒரு சத்தக்காரி

ஒலிப்பதிவைச் சீர்செய்கிற எங்கள் தொழிலில், வேலை நன்றாக நடந்திருக்கிறது என்பதற்கு ஒரே அடையாளம், வேலை நடந்ததே யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான். நான் ஒரு வாரம் உட்கார்ந்து உழைத்ததைக் கேட்டுவிட்டு, "ரெக்கார்டிங் நல்லா வந்திருக்கே, அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்காத வாடிக்கையாளர் இதுவரை என் மாடிப்படி ஏறியதில்லை.

இதைப் படிக்கிறவர்களில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒருவர் பேச்சுக்குள்ளிருந்து மின்விசிறியையும் மிக்ஸியையும் தூரத்து நாயையும் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கிக்கொண்டிருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கும் என் வேதனை புரியாமல் போகாது. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தவர்கள்தானே நாம் எல்லோரும்.

பெரம்பலூரில் ஒரு விதைக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்டுடியோ. இரண்டு அறை. ஒன்றில் பேசுவார்கள், ஒன்றில் நான் வெட்டி ஒட்டுவேன். பேசுகிற அறையின் சுவர் முழுக்கப் பருத்திப் பஞ்சு அடைத்த மெத்தை. சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி இதை ஆரம்பித்தேன். கூட்டாளி ரகமத்துல்லா பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர். விசேஷ வீடுகளுக்கு மைக் செட் கட்டிக்கொண்டிருந்தவர். சத்தத்தைப் புத்தகத்தில் படித்தவள் நான், மரத்தில் ஏறிக் கட்டியவர் அவர். எங்களுக்கு நடந்தவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

மூச்சு எங்கே போனது?

ஸ்டுடியோ ஆரம்பித்த புதிதில் ராசேந்திரன் என்று ஒரு விவசாயி வந்தார். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த வருஷம், எதிர்க்காற்றில் நின்று மருந்தடித்து, சோளக்காட்டிலேயே மயங்கி விழுந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர். தனக்கு நடந்ததை மற்றவர்களுக்குச் சொல்லி, செல்போனில் அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. எழுதி வைத்துக்கொள்ளாமல், மைக் முன்னால் உட்கார்ந்து, பக்கத்து வரப்பில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசினார். நடுநடுவே மூச்சு வாங்கினார். சில இடங்களில் நிறுத்தி, எங்கேயோ பார்த்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தார்.

நான் என் முழுத் திறமையையும் காட்டினேன். ஒரு மூச்சு விடாமல் அறுத்தேன். நிறுத்திய இடங்களையெல்லாம் இழுத்துக் கட்டினேன். "வந்து", "அது என்னன்னா" ஒன்றுகூட மிச்சமில்லை. ஏழு நிமிஷப் பேச்சு நாலு நிமிஷமாக, கண்ணாடிபோல வந்துவிட்டது. அவரைக் கூப்பிட்டுப் பெருமையோடு போட்டுக் காட்டினேன். அவர் கேட்டு முடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து, வெட்டிய மூச்சை எல்லாம் தேடிப்பிடித்து இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அந்த ஏழு நிமிஷம் ஊர் ஊராகப் போனது. அதைக் கேட்டுவிட்டு முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு மருந்தடிப்பதாகப் பல பேர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். புதிதாக யார் வேலை கற்றுக்கொள்ள வந்தாலும், அன்றைக்கு ராசேந்திரன் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னதைத்தான் முதல் பாடமாகச் சொல்கிறேன்: "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா மருந்தடிச்சு மயங்கி விழுந்தவன் பேசுற மாதிரி இல்லீங்க, மருந்து விக்கிறவன் பேசுற மாதிரி இருக்கு."

கனத்த குரல் வேண்டும்

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் எங்கள் மாடிப்படி தேயும். ஒரு பேரூராட்சி வார்டுக்கு நின்ற வேட்பாளர் ஆட்டோவில் கட்டி ஓட்ட அறிவிப்பு பேச வந்தார். நல்ல மனிதர். தெருவுக்கு என்ன தேவை என்று விரல்விட்டுச் சொல்கிறவர். குரல் மட்டும் கீச்சென்று இருக்கும். பேசிவிட்டு, "மேடம், இதைக் கொஞ்சம் கனமாக்குங்க. நாலு தெரு தள்ளிக் கேட்டாலும் ஆளு நெனப்பு வரணும்" என்றார். கனமாக்கினேன். கீழ்ஸ்தாயியை ஏற்றி, லேசாக எதிரொலி சேர்த்து, அவரே எழுந்து நின்று கேட்கும்படி ஆக்கிக் கொடுத்தேன். பாய் மட்டும் மூலையில் உட்கார்ந்து தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வேட்பாளரின் மனைவி தனியாக வந்தார். ஆட்டோ தெருவுக்குள் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து, "வெளியூரு ஆளு யாரோ உங்க வூட்டுக்காரர் பேரைச் சொல்லி ஓட்டுக் கேக்குறானே" என்று விசாரித்தார்களாம். பழைய பதிவை, கீச்சுக்குரலோடு, இரைச்சலை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அதுதான் கடைசி நாள்வரை ஓடியது, அவர் ஜெயிக்கவும் செய்தார். அந்த அம்மா பென் டிரைவைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னது: "கொழாயில தண்ணி வரலைன்னா ஊருக்காக ஆபீசுல போயிக் கத்துற கொரல் இதுதாங்க. இதை மாத்திட்டா யாருன்னு நெனச்சு ஓட்டுப் போடுவாங்க?"

ஒரு கன்னத்து அறை

கல்லூரிப் பிள்ளைகள் எடுத்த குறும்படம் ஒன்றுக்கு ஒலி சேர்க்கும் வேலை. கதையின் உச்சத்தில் அண்ணன் தம்பியைக் கன்னத்தில் அறைகிறான். படப்பிடிப்பில் நிஜமாக அறையவில்லை, அதனால் சத்தமும் இல்லை. பாய் தன் தொடையில் அறைந்து பார்த்தார். ஈரத் துண்டால் மேசையை அடித்துப் பார்த்தோம். செருப்பு, தோல்பை, பூசணிக்காய், எதுவும் சரிப்படவில்லை. ஒன்று பட்டாசுபோல இருந்தது, ஒன்று கொசு அடித்ததுபோல.

மத்தியானம் சாப்பிடப் போன இடத்தில் பரோட்டா மாஸ்டர் மாவைக் கல்லில் அறைந்தார். நானும் பாயும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். கெஞ்சிக் கூத்தாடி அவரையும் எண்ணெயில் ஊறிய மாவையும் மாடிக்கு அழைத்துவந்து, பன்னிரண்டு தடவை அறைய வைத்தோம். ஒன்பதாவது அறைதான் படத்தில் இருக்கிறது. கல்லூரி அரங்கில் திரையிட்டபோது அந்த இடத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டரையும் கூட்டிப் போயிருந்தோம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசிவரை கைகட்டிப் பார்த்தார். வெளியே வந்து நடிகர்கள் இருவரையும் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அடிச்சவனும் நடிச்சான், வாங்குனவனும் நடிச்சான், நெசமா அடி வாங்குனது என் மாவு ஒண்ணுதான்."

அரியலூரில் கடல் வேண்டும்

அரியலூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர் மல்லிகா. ஒருநாள் போன் செய்து, "எங்க ஊர்ல கடல் வேணும்ங்க, செஞ்சு தர முடியுமா?" என்றார். விஷயம் இதுதான். அந்த மண்ணில் பிள்ளைகள் விளையாடும்போதே கல்லாகிப்போன சிப்பியும், நத்தைபோலச் சுருண்ட கல்லும் கிடைக்கும். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு வகுப்பறையை இருட்டாக்கி, அந்தக் கற்களுக்கு மட்டும் விளக்கு வைத்து, சுற்றிலும் கடல் சத்தம் கேட்கும்படி செய்ய வேண்டும். "நெட்டுல எடுத்துக்கலாமே டீச்சர்" என்றேன். "எடுத்துப் பாத்துட்டேங்க. எல்லாத்துலயும் கடல்காக்கா கத்துது, போட் ஓடுது. எங்க கடல்ல ரெண்டும் கெடையாது. பிள்ளைங்க கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே இந்த வேலையை விடக்கூடாது என்று நினைத்தேன்.

எங்கள் இரண்டு மாவட்டத்திலும் கடல் கிடையாது. ஆனால் கடலைச் செய்கிற சாமான் இருந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்ட சமயம் பாய் முழங்கால் தண்ணீரில் நின்று, மணலில் நீர் ஏறி இறங்குவதைப் பிடித்து வந்தார். சுண்ணாம்புக்கல் ஜல்லியை முறத்தில் போட்டு நான் மெதுவாகச் சாய்த்தேன். அலை திரும்பும்போது கூழாங்கல் உருளுகிற சத்தம் அதுதான். உரித்த மக்காச்சோளத் தோகையைச் சிமெண்டுத் தரையில் இழுத்தோம், நுரை கரைந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் என் மூச்சையே பதிந்து, வேகத்தைக் குறைத்து, தாழ்த்தி வைத்தேன். கேட்டால் மூச்சு என்று தெரியாது, ஏதோ பெரிதாக ஒன்று பக்கத்தில் படுத்திருப்பதுபோல இருக்கும். கனத்த ஸ்பீக்கர் ஒன்றை பெஞ்சுக்கு அடியில் வைத்தோம். அலை வரும்போது பெஞ்சு லேசாக அதிரும்.

கண்காட்சி அன்று நானும் கதவோரம் நின்றேன். கத்திக்கொண்டே வந்த பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் கிசுகிசுப்பாகப் பேசத் தொடங்கினார்கள். யாரும் அப்படிப் பேசச் சொல்லவில்லை. ஒரு சிறுமி தான் கண்டெடுத்த சுருள் கல்லுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னாள். அவள் அப்பா காக்கிச் சட்டையோடு, லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்திருந்தார். சுரங்கத்திலிருந்து சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறவர். மகள் சொன்னதைக் கேட்டார். "இந்தக் கல்லெல்லாம் கடலுக்கு அடியில படிஞ்சதுப்பா" என்றாள் அவள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கையைப் பலகையில் வைத்துக்கொண்டு, அலை பத்துத் தடவை வந்து போகும்வரை எழுந்திருக்கவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது என்னிடம் சொன்னார்: "கடலை லோடு அடிச்சிருக்கேன், வெங்காய லோடு அடிச்சிருக்கேன். இத்தனை வருசமா கடலையே லோடு அடிச்சுக்கிட்டு இருக்கேன்னு இன்னைக்குத்தாங்க தெரியுது."

ஒரே ஒரு சொல்

நம் மொழியில் ஆமாம் என்பதும் இல்லை என்பதும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். இதனால் எங்கள் தொழிலுக்கு வருகிற ஆபத்து என்னவென்று ஒருநாள் தெரிந்துகொண்டேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் செல்போனோடு வந்தார். தங்கையோடு பேசிய பேச்சு அதில் பதிவாகியிருந்தது. அப்பா விட்டுப்போன புன்செய்க் காட்டை இவர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளக் கேட்கிறார். தங்கை கடைசியில், "எனக்குச் சம்மதம் இல்ல" என்கிறாள். "அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துடுங்க மேடம். இரைச்சலெல்லாம் எடுக்குறீங்க, ஒரு சொல்லு எடுக்க மாட்டீங்களா?" என்றார். மிரட்டவில்லை. கரண்ட் பில் கட்டுவதுபோல, சாதாரணமாகத்தான் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பாய் கையமர்த்திவிட்டு, "ஒக்காருங்க. எடுக்கலாம். ஆனா எடுத்தா என்ன ஆகும்னு நீங்களே கேளுங்க" என்று சொல்லி, ஹெட்போனை அவர் காதில் மாட்டச் சொன்னார். தங்கை வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் "இல்ல" என்று சொல்வது அந்த விசிலின் நடுவில். சொல்லை எடுத்தால் விசில் பாதியில் துண்டாகும். யார் கேட்டாலும் வெட்டியது தெரியும் என்று காட்டுவதற்காக அந்த இடத்தை மறுபடி மறுபடி போட்டேன். இரைச்சலைக் குறைத்து, குரலை முன்னால் கொண்டுவந்து, ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

அவர் முகம் மாறியிருந்தது. "முன்னாடிலேருந்து போடுங்க" என்றார். முழுப் பேச்சையும், பதினோரு நிமிஷம், ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டார். முடிந்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்தக் காட்டை அவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. படியிறங்கப் போனவர் திரும்பி, என்னைப் பார்க்காமல், பாயிடம் கேட்டார்: "அவ அழுதுக்கிட்டா பேசியிருக்கா? போன்ல எனக்குத் தெரியவே இல்லைங்களே."

கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்

ஒரு திருவிழாக் குழுவுக்காகப் பாட்டு ஒன்று பதிவு செய்தோம். கீபோர்டு, பாடகர், கூடவே பக்கத்து ஊர்ப் பறைக்குழு. ஏழு பேர். எங்கள் அறை அவர்களைத் தாங்காது என்று, பாய் அவர்களை ஊருக்கு வெளியே வேலை முடிந்து கிடந்த ஒரு கல்குவாரிக்குள் நிறுத்தி, நாலு மைக் வைத்துப் பிடித்தார். கல்சுவர் அந்த அடியை வாங்கித் திருப்பிக் கொடுத்ததை நான் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். பாட்டைக் கலந்து முடிக்க உட்கார்ந்தால், குழுவின் செயலாளர் என் பின்னால் வந்து நின்றுகொண்டு, "பறை முன்னாடி வேணாம் மேடம். பின்னாடி சும்மா கேட்டுக்கிட்டு இருந்தா போதும்" என்றார். எங்கள் பெரியப்பா வாசித்தது இதே தோல்தான். விசேஷங்களில் அவர் எங்கே நின்று வாசித்தார், சாப்பாடு எங்கே போட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அதையெல்லாம் நான் செயலாளரிடம் சொல்லவில்லை.

இரண்டு விதமாகக் கலந்தேன். ஒன்று அவர் கேட்டபடி. மற்றதில் முதல் அடியே பறை, பாட்டு அதன் தோளில் ஏறி வரும். எது என்ன என்று சொல்லாமல், மூன்று நாள் கழித்து இரண்டையும் போட்டுக் காட்டினேன். அவர் யோசிக்கவே இல்லை, இரண்டாவதுதான் வேண்டும் என்றார். விரல் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை. பாட்டு வெளிவந்த பிறகு பறைக்குழுத் தலைவர் முருகையன் வந்தார். அவர் கட்டட மேஸ்திரி. பூச்சு வேலையிலிருந்து நேராக வந்ததால் நாற்காலியில் உட்காரத் தயங்கி, நான் சொன்ன பிறகு உட்கார்ந்தார். பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் ஒரு தடவை கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "கூப்புடுறவங்க எல்லாம் 'கொஞ்சம் தள்ளி நின்னு அடிங்கப்பா'ம்பாங்க. இதுலதாங்க நாங்க கிட்ட வந்து நிக்கிறோம்."

எல்லா ஊரும் ஊர்தான்

நான் சாகும்வரை சொல்லிக்கொள்ளப் போகிற வேலை இது. எங்கள் பக்கத்தில் ஒரு பஸ் ஸ்டாண்ட், எது என்று சொல்லப் போவதில்லை. அங்கே ஒலிபெருக்கி அறிவிப்பு யாருக்கும் புரியாது. அறிவிப்பாளர் மேல் குற்றமில்லை. எங்கள் ஊர்களின் பெயரைப் பாருங்கள்: அரியலூர், அரும்பாவூர், துறையூர், ஆத்தூர், குரும்பலூர். எல்லாம் 'ஊர்' என்றே முடிகிறது. கான்கிரீட் கூரைக்குக் கீழே பெயரின் முன்பாதி என்ஜின் சத்தத்தில் கரைந்துபோகும். பின்பாதி மட்டும் எதிரொலித்துக்கொண்டு 'ஊர்ர்ர்' என்று சுற்றும். ரயில் இல்லாத ஊரில் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ்தான். அறிவிப்பைப் புதிதாகப் பதிந்து தரச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார்கள்.

நான் சென்னைப் பாணியில் இனிமையான குரல் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பதிந்தேன். ஸ்டுடியோவில் தேனாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் போட்டால் டீசல் புகையோடு போய்விட்டது. பாய் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "தங்கச்சி, இத்தனை இரைச்சல்ல ஒருத்தி கொரல் மட்டும் நல்லாக் கேக்குது பாரு" என்று கை காட்டினார். தனம். பஸ் ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர். அவர் கத்துவதே இல்லை. குரல் என்ஜின் சத்தத்துக்கு மேலே ஒரு படி ஏறி உட்கார்ந்திருந்தது. வருஷக்கணக்காக அந்த இரைச்சலோடு பேசிப் பேசி, எது எடுபடும் என்று அந்தக் குரலுக்கே தெரிந்திருந்தது.

ஸ்டுடியோவுக்கு அழைத்தபோது, "எனக்குப் படிக்கத் தெரியாதேங்க" என்றார். "ஊர் பேர் தெரியுமில்ல?" என்றார் பாய். "அது தெரியாமயா?" என்றார் தனம். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். பெயரின் முதல் எழுத்தில் அழுத்தம், கடைசி 'ஊர்' சுருக்கமாக. இரண்டு பெயருக்கு நடுவே எதிரொலி அடங்கும்வரை இடைவெளி. கனத்தை முழுக்க எடுத்துவிட்டேன், பஞ்சு அறையில் கேட்டால் தகரம்போல இருக்கும். அந்தத் தகரம்தான் கூரைக்குக் கீழே தெளிவு. பாய் ஒலிபெருக்கிகளைக் கூரையைப் பார்த்த நிலையிலிருந்து இறக்கி, ஆட்கள் நிற்கிற பக்கம் திருப்பிக் கட்டினார். ஒரு வாரம் நாங்கள் இருவரும் டீக்கடையில், கழிப்பறை வாசலில், கடைசி பிளாட்பாரத்தில் என்று நின்று கேட்டுக் கேட்டுத் திருத்தினோம்.

பத்து நாள் கழித்து, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் மடக்குக் குச்சியோடு தூணருகே நின்றிருந்தார். ஓர் ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர், பார்வை கிடையாது, தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவர். தனத்தின் குரல் மேலே ஒலித்தது: "துறையூர், மூணாவது பிளாட்பாரம்." அவர் யார் கையையும் பிடிக்காமல் குச்சியை விரித்துக்கொண்டு கிளம்பினார். நான் கூடவே நடந்து, அந்த அறிவிப்பைச் செய்தது நாங்கள்தான் என்று வெட்கமில்லாமல் சொல்லிவிட்டேன். கூடையோடு எதிரே வந்த தனத்தையும் நிறுத்தி, குரல் இவருடையதுதான் என்றேன். அவர் பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி, தனம் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார்: "தினம் நாலு பேரை 'இது எந்த பஸ்ஸுங்க'ன்னு கேட்டுத்தான் ஏறுவேங்க. நேத்து ஒருத்தர் என்னைக் கேட்டாரு, நான் சொன்னேன்."

இப்படி இரண்டு மாவட்டத்துக்கும் தெளிவாகக் கேட்கும்படி செய்து வைத்திருக்கிற எனக்கு, சொந்த வீட்டில் கூப்பிட்டால் காது கேட்காதவள் என்றுதான் பெயர்.